டோர்வன்களின் குடி

ஸ்லைகோ,
பிப்ரவரி 9, 1996

அன்புள்ள அட்ராக்டா அத்தைக்கு,

பாஸ்டனில் பனி குறைந்ததா? ரோனனுக்கு ஏழு மாதம். இரண்டு பல் முளைத்திருப்பதை என் விரலைக் கடித்தே தெரிவித்தான்.

கோடையில் உலகத்து டோர்வன்களை எல்லாம் இங்கே கூட்டி, நம் குடும்பப் பெயரின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறீர்களாமே. யார் எங்கிருந்து எங்கே போனார்கள் என்று சேர்த்திருப்பீர்கள். எதனால் செத்தார்கள் என்றும் தெரியுமா?

அப்பா கையில் கோப்பை நிற்பதில்லை. தோள் தானாகத் துள்ளுகிறது. போன வாரம் கடையில் தடுமாறினார். "என்ன ஃபின்டன், காலங்காத்தாலயே ஏத்திட்டியா? டோர்வன் ரத்தமாச்சே!" என்று கடைக்கார மார்ட்டி கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

டப்ளின் டாக்டர், தாத்தா எப்படி இறந்தார் என்று கேட்டார். "குடிச்சு" என்றேன். அவர் நம்பவில்லை. இது பரம்பரை நரம்பு நோயாக இருக்கலாம், பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரப் பாதி வாய்ப்பு என்றார். அப்பாவிடமிருந்து எனக்கு. என்னிடமிருந்து ரோனனுக்கு. எனக்குத் தூக்கமே இல்லை, அத்தை.

உங்கள் ஓர்லா


பாஸ்டன்,
பிப்ரவரி 27

கண்ணு ஓர்லா,

தட்டச்சில் எழுதுகிறேனே என்று கோபிக்காதே. டாக்டர்களுக்குப் பயமுறுத்துவதே பிழைப்பு.

நாம் ஏரிக்கரையில் கோட்டை வைத்திருந்தவர்கள் என்று ரோனனுக்குச் சொல். ஆங்கிலேயர்கள் நிலத்தைப் பிடுங்கி மேற்கே மேயோவுக்குத் துரத்தினார்கள். பஞ்சத்தில் மேயோவிலிருந்து மூன்று சகோதரர்கள் கிளம்பினார்கள். ஒருவர் கியூபெக், ஒருவர் ஸ்லைகோ, ஒருவர் கிளாஸ்கோ. கிளாஸ்கோக்காரரின் மகன் லிவர்பூலுக்கு, பேரன் நியூயார்க்குக்கு. காலில் சக்கரம் கட்டிய ஜனம்!

சாவைக் கேட்கிறாய். நம் ஆண்களுக்குக் குடிதான். புத்தகத்திலும் ஒளிக்காமல் அப்படியே போடுகிறேன்.

குழந்தைக்குத் தொப்பி பின்ன நினைத்தேன், வரவில்லை. கடையில் வாங்கி அனுப்புகிறேன்.

அத்தை


ஸ்லைகோ,
மார்ச் 14

அன்புள்ள அத்தைக்கு,

மது தொடமாட்டேன் என்று சபதம் செய்தவர்கள் குத்திக்கொள்ளும், திரு இருதயம் பொறித்த பின்னூசி, அப்பா கோட்டில் இருக்கிறதே, அது யாருடையது என்று அவரிடமே கேட்டேன்.

"எங்கப்பாவோடது. சாகுற வரைக்கும் கழட்டல. அதைக் குத்திக்கிட்டே குடிச்சிருக்காரு, வெட்கங்கெட்ட மனுஷன்" என்றார்.

அந்தப் பின்னைக் குத்தியவன் குடித்தால் பங்குச் சாமியாரே பிடுங்கியிருப்பாரே, அத்தை! தாத்தாவிடம் ஏன் பிடுங்கவில்லை?

நீங்கள் எழுதிய ஊர்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பஞ்சம் மேயோவோடு முடிந்தது. அதற்குப் பிறகும் கிளாஸ்கோக்காரர் வழியில் ஏன் ஒரு ஊரில் ஒரு தலைமுறைக்கு மேல் யாரும் இருந்ததே இல்லை? ஒருவருக்குக் கை ஆடியதும் மூட்டை கட்டினார்களா?

ஓர்லா


பாஸ்டன்,
ஏப்ரல் 2

ஓர்லா,

நீ படித்தவள். கண்டுபிடித்துவிட்டாய்.

"குடிகாரன் மகளை எவனாவது கட்டிப்பான். கை ஆடுறவன் மகளை எவன்டி கட்டுவான்? கேட்டா குடிக்கிறார்னு சொல்லு" என்பாள் என் அம்மா, உன் பாட்டி. மதுக்கடையில் காலி பாட்டில்களைக் கேட்டு வாங்கி வருவாள். ஊர் பார்க்கட்டும் என்று வெளிச் சுவரோரம் நான் அடுக்குவேன். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார். பாதி தரையில் சிந்தும். சாமியாருக்குத் தெரியும். உன் அப்பா அப்போது தொட்டிலில்.

அவனிடம் சொல்லாதே. உன் புருஷன் வீட்டிலும் மூச்சு விடாதே. புத்தகத்தில் குடி என்றே இருக்கட்டும். விழாவுக்குக் கல்யாண வயசுப் பெண்களெல்லாம் வருகிறார்கள்.

அத்தை
(சொல்லச் சொல்ல எழுதியது: பக்கத்து வீட்டு டொலோரஸ்)


ஸ்லைகோ,
ஏப்ரல் 20

அன்புள்ள அத்தைக்கு,

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"அப்போ எங்கப்பா குடிக்கலயா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். பிறகு, "அவரு கல்லறைக்கு நான் ஒரு நாளும் போனதில்லையேம்மா" என்றார். நேற்று கூட்டிப் போனேன். அந்தப் பின்னைக் கல்லறைமேல் வைக்கப் பார்த்தார். விரல்கள் கேட்கவில்லை. நான் வைத்தேன்.

பரிசோதனைக்கு நானும் ரத்தம் கொடுத்திருக்கிறேன். ஜூனில் தெரியும். ரோனனுக்கு இப்போது பார்க்க மாட்டார்களாம். வளர்ந்த பிறகு அவனே கேட்க வேண்டுமாம். கேட்க வேண்டும் என்பதாவது அவனுக்குத் தெரிய வேண்டாமா? அதனால் புத்தகத்தில் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் விழாவில் நான் எழுந்து சொல்வேன்.

நீங்கள் தட்டச்சுக்கு மாறியது ஏன், தொப்பி பின்ன வராதது ஏன், டொலோரஸ் எழுதுவது ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. கை ஆடினாலும் விழாவுக்கு வாருங்கள். எவனாவது "ஏத்திட்டியா" என்று கேட்டால், பதிலை நான் சொல்கிறேன்.

ஓர்லா

டொலோரஸ் அக்கா, ஒரு வரியும் விடாமல் அத்தைக்கு வாசித்துக் காட்டுங்கள்.