இரண்டிலும் சிவப்பு

மாரியம்மன் துணை

ஜெகதளா,
ஞாயிற்றுக்கிழமை.

கண்ணு தீபலட்சுமிக்கு, அம்மா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். உன் சளி விட்டதா? பெங்களூருக்கு வரும் பிரிஸில்லா டீச்சர் கையில் வர்க்கி பிஸ்கட்டும் தைலமும் கொடுத்தனுப்புகிறேன். கடிதம் வர்க்கிக்கு அடியில் இருக்கும். போனில் ஆரம்பித்தால் "உடும்மா, அதுக்கென்ன இப்போ" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மழை விடவில்லை. துணியெல்லாம் அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காய்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

அண்ணன் கமலேஷ் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியது உனக்குத் தெரிந்திருக்கும். பிறகு ஒருநாள் நான் வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அந்த விளையாட்டின் நாலு கூட்டத்துக்கும் நான் மலைக்காரர், கடல்காரர், குதிரைக்காரர், காட்டுக்காரர் என்று பேர் வைத்திருக்கிறேன் அல்லவா? இவன் எப்போதும் மலைக்காரரைத்தான் எடுப்பான் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டதாம். எதிரே உட்கார்ந்த பையன் அவர்களை மடக்கும் வழியை மட்டும் பழகிக்கொண்டு வந்திருக்கிறான்.

"தீபாவா இருந்தா கம்ப்யூட்டரையே குலுக்கிப் போடச் சொல்லுவா, என்ன கூட்டம் வரும்னு அவளுக்கே தெரியாது. அப்புறம் அவன் என்னத்தைப் பழகிட்டு வருவான்? குலுக்கல் ராணின்னு நாந்தான் அவளைக் கேலி பண்ணுவேன். அவ நாலையும் பழகி வெச்சிருந்தாம்மா" என்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெங்காயம் நல்ல சாக்காக இருந்தது.

அணியில் ஒரே இடம், உங்கள் இருவரில் யாராவது வரலாம் என்று அணிக்காரர்கள் சொன்ன அன்று, பூ கேட்டுப் பார்க்கலாம் என்று சொன்னவள் நீதான். நம் வீட்டில் எதற்கும் அதுதானே வழக்கம். சிவப்பு ரோஜா இதழ் அண்ணனுக்கு, வெள்ளை இதழ் உனக்கு. நான் தனித்தனிக் காகிதத்தில் மடித்து மாரியாத்தா படத்துக்கு முன்னால் வைத்தேன். நீ கண்ணை மூடி ஒன்றை எடுத்தாய். சிவப்பு. "குலுக்கல்னா குலுக்கல்தான், போய் ஆடுண்ணா" என்று சிரித்தாய். மற்றப் பொட்டலத்தை, சாமி பூ என்று சொல்லி, நீயே எடுத்துக்கொண்டாய். நான் விளக்குத் திரியைத் தூண்டுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை உன் அலமாரியைத் துடைத்தபோது அந்தப் பொட்டலம் கிடைத்தது. நான் மடித்தால் திருநீற்றுப் பொட்டலம்போல் முனையை உள்ளே சொருகுவேன். அது பஸ் டிக்கெட்டைப்போல் இரண்டாக மடிந்திருந்தது. நீ பிரித்துப் பார்த்திருக்கிறாய். வெள்ளை ரோஜா காய்ந்தால் பழுப்பாகும். உள்ளே இருந்தது கறுத்திருந்தது.

ஆமாம் கண்ணு. இரண்டிலும் சிவப்பைத்தான் மடித்தேன்.

அது தெரிந்த பிறகும் பெங்களூர் வேலைக்குக் கிளம்பும்வரை சாயங்காலமெல்லாம் அண்ணனோடு உட்கார்ந்து, "இந்தக் கூட்டத்தையும் ஒருக்கா ஆடிப் பாருண்ணா" என்று கெஞ்சினாயே. பக்கத்தில் நின்று நான் இருவருக்கும் டீ ஆற்றினேன். கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலே தூக்கம் வராதவள், பூ மடித்த அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அவன் கிடைக்காவிட்டால் உடைந்துபோவான், நீ எதுவானாலும் சமாளிப்பாய் என்று நினைத்தேன். நேற்று நினைத்ததல்ல, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். முதல் தோசை அவனுக்கு, கருகியது உனக்கு. நீ முகம் சுளித்ததே இல்லை. உனக்கு அதுதான் பிடிக்கும்போல என்றுகூட அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை அப்பாவிடமும் கமலேஷிடமும் சொல்லிவிட்டேன். கமலேஷ் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். திரும்பி வந்து, "எனக்குன்னு சாமிகிட்டயே ஏமாத்துவியா? நான் அவ்வளவு லாயக்கில்லாதவனாம்மா?" என்று கேட்டான். உனக்குச் செய்ததை மட்டும் நினைத்திருந்தேன். அவனுக்கும் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

கோயமுத்தூரில் நடக்கும் அடுத்த போட்டிக்கு அணிக்காரர்கள் உன்னைக் கூப்பிட்டார்களாம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாயாம். கமலேஷ்தான் உன் பேரைக் கொடுத்திருக்கிறான். அப்பா, "இன்னொருக்கா பூ கேட்டுட்டாப் போவுது" என்றார். "வேண்டாமுங்க, இந்தக் கையால் இனி மடிக்க மாட்டேனுங்க" என்றேன். ஆத்தா முன்னால் ஒரே ஒரு வெள்ளை ரோஜாவை முழுசாக வைத்தேன். காகிதம் வைக்கவில்லை. இருவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

போய் ஆடு கண்ணு. நாலில் எது வந்தாலும் உனக்கு நல்லதே வரட்டும். ஆட்டம் முடிந்ததும் கோயமுத்தூரிலிருந்து பெங்களூர் பஸ் ஏறினாலும் சரி, வீட்டுக்கு வரக் குன்னூர் பஸ் ஏறினாலும் சரி, நான் ஒன்றும் கேட்க மாட்டேன். குன்னூர் பஸ் என்றால் மட்டும் ஒரு வார்த்தை சொல். அன்று முதல் தோசையை யாருக்கும் எடுக்காமல் வைத்திருப்பேன்.

ஆத்தா எப்போதும் உன் கூடவே இருப்பாள். நான் இருக்கலாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் அம்மா,
வேலாமணி.