உன் பெயருக்கு நான் சொன்ன ஓம்

மச்சான்,

இன்று காலை பெற்றோல் செட்டில் மண்ணெண்ணெய் மணம் மூக்கில் ஏறியதும் வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம்தான் நீ எப்போதும் நிற்பாய். ஒருவரும் இல்லை. முழுச் செட்டுக்கும் நான் ஒருவன்தான், கையில் இரண்டு நீலக் கலன்கள். ஒன்று என்னுடையது. மற்றது, மூடியில் சிவப்புப் பெயின்ரால் சிலுவை போட்டது, உன்னுடையது. எண்ணெய் அடிக்கிறவர் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, ரெண்டையும் நிரப்பட்டோ?" என்று கேட்டார். உள்ளே வானொலியில் யாரோ ஒரு பெரிய மனிதர், நாடு நெருக்கடியைத் தாண்டிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குக் குரல் கணீரென்று இருந்தது.

நிரப்பட்டோ என்று நெருக்கடி வந்த அந்த வருஷம் யாராவது நம்மைக் கேட்டிருந்தால் அவருக்குத் திருநாளே எடுத்திருப்போம்.

கொழும்புத்துறைக் கரையில் மீன்பிடிப் போட்டுகள் எல்லாம் மண்ணெண்ணெய் இல்லாமல் கவிழ்ந்து கிடந்த காலம் அது. எண்ணெய்ப் பவுசர் வரும் வரும் என்றார்கள். வீதியோரம் கலன்களை வரிசையாக வைத்து, கைபிடிகளுக்குள்ளே கயிறு கோத்துக் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்தால், நம் கலன்களுக்கு முன்னால் நாலு புதுக் கலன் முளைத்திருக்கும். அதற்குத்தான் நீ ஒரு கொப்பி வாங்கினாய். எல்லாருடைய பெயரையும் எழுதி, காலையிலும் பின்னேரத்திலும் கூப்பிடுவாய். பெயருக்குரிய ஆள் நின்று "ஓம்" சொல்ல வேண்டும். ஆள் இல்லையென்றால் கயிற்றை அவிழ்த்து அவருடைய கலனைக் கடைசியில் கொண்டுபோய் வைத்துவிடுவாய். உன் மனைவியின் தமையனுடைய கலனுக்கும் அதே கதிதான். அதற்குப் பிறகு அந்த மனிதர் உன்னோடு கதைக்கவேயில்லை. "மற்றதெல்லாம் எங்கடை கையிலையோ கிடக்கு? வரிசையிலையாவது ஒரு நியாயம் இருக்கட்டும்" என்றாய்.

பின்னேரக் கூப்பிடல் முடிந்ததும் கலன் மேல் குந்தியிருந்து பிளேன்ரீ குடிப்போம். நான் பேப்பர் பார்க்கிறவன் என்பதால் என்னைத்தான் கேட்பாய், "எப்ப மச்சான் இது முடியும்?" என்று. "இந்த மாசத்தோடை முடிஞ்சிடும். கப்பல் வெளிக்கிட்டிட்டுதாம்" என்பேன். எந்தக் கப்பல், எங்கேயிருந்து என்றெல்லாம் எனக்குத் தெரியாது. சொன்னவுடன் உன் முகம் கொஞ்சம் இளகும். அந்த முகத்தைப் பார்க்கத்தான் சொன்னேன். மாதம் முடிந்ததும் அடுத்த மாதத்தைச் சொன்னேன், நீ அதையும் நம்பினாய்.

உன் ஆசுப்பத்திரிக் கிளினிக் நாள் வந்தது. பிறஷர் குளிசையைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டு, அதுவும் முடிந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. கடைகளிலும் இல்லை. அன்றைக்குப் பார்த்துப் பவுசர் கட்டாயம் வருமாம் என்று ஒரு கதை.

"நீ போயிட்டு வா. உன்ரை பேருக்கு நான் ஓம் சொல்லுறன்" என்றேன்.

நீ சிரித்தாய். "நீ எனக்குச் சொன்னா, நாளைக்கு ஆளாளுக்குச் சொல்லத் தொடங்குவாங்கள். பிறகு கொப்பி என்னத்துக்கு? அடுத்த கிளினிக்குக்குப் போவம். அதுக்குள்ளை எல்லாம் முடிஞ்சிடும் எண்டு நீதானே சொன்னனீ."

நான் சொன்னதையே நீ எடுத்து எனக்குச் சொன்னாய். உன் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. பவுசரும் வரவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் பெயர் கூப்பிட்டுக்கொண்டு நின்றவன், பாதியில் நிறுத்தினாய். கொப்பி கீழே விழுந்தது. உன் கலன் மேலேயே உட்கார்ந்து என் மேல் சாய்ந்தாய். வாய் ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது. எதிர்ப்பக்கம் பெற்றோல் வரிசையில் கண்ணுக்கெட்டிய தூரம் ஓட்டோக்கள் நின்றன, ஒன்றிலும் எண்ணெய் இல்லை. ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு ஓடினேன். கடைசியில் ஒருவர் போத்தலில் ஒளித்து வைத்திருந்த கொஞ்சத்தை ஊற்றிக்கொண்டு வந்தார். அவரை இன்றும் கண்டால் நின்று கதைத்துவிட்டுத்தான் போவேன். ஆனால் அன்று பிந்திவிட்டது. இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தாய், பிறகு போய்விட்டாய்.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் பவுசர் வந்தது. கொப்பி என் கையில். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வந்தேன். உன் பெயர் வந்தது. அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. கூப்பிட்டேன். சனம் முழுக்க நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. "ஓம்" என்று நானே சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை. உன்னோடு கதைக்காமல் இருந்த உன் மைத்துனர்தான் முன்னுக்கு வந்து, உன் கலனைத் தூக்கிக் குழாய்க்குக் கீழே வைத்தார். உன் சட்டத்தை முதல் முதலாக முறித்தது நான்தான், மச்சான். உன் கிளினிக் நாளிலேயே முறித்திருக்க வேண்டும்.

அந்த எண்ணெயோடுதான் உன் மகன் அன்ரன் உன் போட்டைக் கடலில் இறக்கினான். அன்று தொடங்கி அவன் கடலுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தான். போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் என்னை மறித்தான்.

"மாமா, வெளிநாட்டு வேலை சரிவந்திருக்கு, கட்டாரிலை. எஞ்சினை வாங்கவும் ஆள் வந்து பாத்திட்டுது. எல்லாம் முடிஞ்சுது, இனி நல்ல காலம் எண்டு சொல்லுறாங்கள். மெய்யே? நீங்கள் இரு எண்டாச் சொல்லுங்கோ, இருக்கிறன்."

உன் பிள்ளை இந்தக் கரையில் இருப்பதும் போவதும் என் ஒரு சொல்லில் வந்து நின்றது. என்ன சொல்ல? கரண்ட் இப்போது நிற்பதில்லை. காஸ் சிலிண்டர் கேட்டவுடன் கிடைக்கிறது. கோட்டைப் பக்கம் சுற்றுலா வந்த வெள்ளைக்காரர் வெயில் காய்கிறார்கள். இதெல்லாம் உண்மை. பெற்றோல் செட்டில் வரிசை இல்லை என்பதும் உண்மை. ஆனால் ஏன் இல்லை? இப்போதைய விலைக்கு எண்ணெய் வாங்கி ஓடிப் பிடித்தால் கைக்கு ஒன்றும் மிஞ்சாது என்று பாதிப் பேர் வருவதில்லை. கவிழ்ந்த போட்டுகள் பல இன்னும் கவிழ்ந்தபடியே கிடக்கின்றன. கிழமையில் ஆறு நாள் ஓடியவர்கள் மூன்று நாள் ஓடுகிறார்கள். அன்றைக்கு எண்ணெய் இல்லாமல் கரையில் இருந்தோம், இன்றைக்கு எண்ணெய் இருந்தும் கரையில் இருக்கிறோம். இது தீர்ந்ததா, நமக்குப் பழகிவிட்டதா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வானொலிக்காரருக்குத் தெரிகிறது போல.

அன்ரன் உன்னைப் போலவே தலையைச் சரித்துக்கொண்டு காத்திருந்தான். இரு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவன் முகம் இளகுவதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்த ஆசை எனக்குப் பழக்கமானது என்பதால்தான் பயந்தேன்.

"தெரியாதடா தம்பி" என்றேன். "உன்ரை அப்பாவுக்கும் ஒருக்கா முடியப்போகுது எண்டு சொன்னனான்."

"அப்பா இருந்திருந்தாலும் உங்களைத்தானே மாமா கேட்டிருப்பார்" என்றான்.

செவ்வாய்க்கிழமை எஞ்சின் விலைப்பட்டுப் போய்விட்டது. புதன்கிழமை உன் கலனைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தான். "இது உங்களிட்டை இருக்கட்டும் மாமா. வாறன்" என்றான். வெள்ளிக்கிழமை கொழும்பு பஸ்ஸில் ஏறினான். கண்ணாடி வழியாகக் கை காட்டினான், நானும் காட்டினேன். இவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இன்று காலை வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது என் கலனை மட்டும் எடுக்கத்தான் குனிந்தேன். எப்படி இரண்டையும் தூக்கினேன் என்று தெரியவில்லை. எண்ணெய் அடிக்கிறவர் மறுபடியும் கேட்டார், "என்னண்ணை, யோசிக்கிறியள்? ரெண்டும் உங்கடைதானே? நிரப்பட்டோ?"

உன் போட்டில் எஞ்சின் இல்லை. ஓட்ட ஆளும் இல்லை. ஒன்று போதும் என்று சொல்லியிருக்கலாம்.

"ஓம்" என்றேன்.

கழுத்து வரை நிரப்பிக் கொடுத்தார். கை வலிக்க வலிக்க நடந்து வந்தேன். உன் கலன் இப்போது என் கதவடியில் நிற்கிறது, மச்சான். அதற்கு முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை.