துணைக்கு விட்ட நாய்

மார்ச் 3, செவ்வாய்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. என் நோட்டுதான், நான்தான் படிக்கப்போகிறேன், இருந்தாலும் மன்னிக்க வேண்டும். நாற்பது வருடம் மூட்டை தூக்கிய கை. பென்சிலைக் கடப்பாரை மாதிரி பிடிக்கிறது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்! நான்! எழுதப் படிக்கக் கற்க மாலை வகுப்புக்குப் போவதை மகனிடம் இன்னும் சொல்லவில்லை. நன்றாக வரட்டும் என்று இருக்கிறேன்.

போன ஞாயிறு மகன் தன் வீட்டு நாயைக் கொண்டுவந்து விட்டான். "தனியா இருக்கீங்கப்பா. துணைக்கு இருக்கட்டும்." ஒரு பையில் தட்டு, சங்கிலி, ஊசி போட்ட கணக்கு எழுதிய புத்தகம். கிழட்டு நாய். ஒரு கண் வெளுத்துவிட்டது. வாயைத் திறந்தால் அழுகல் நாற்றம். வந்ததும் என் பாயில் மூத்திரம் பெய்தது. சீ.

மார்ச் 5, வியாழன்

டீயில் நாய் முடி. குடித்த பிறகுதான் தெரிந்தது.

மார்ச் 8, ஞாயிறு

மகன் வரவில்லை. ஞாயிறு தவறாதவன். போனில் சொல்கிறான்: "அதான் நாய் இருக்கேப்பா, பொழுது போகுமே."

நாயிடம் என்ன பேசுவது? "சனியனே, தள்ளிப் படு" என்றேன். வாலை ஆட்டியது. கொஞ்சமும் சூடு சொரணை இல்லை. திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிவிடப் போகிறேன்.

மார்ச் 11, புதன்

சனியன் காலையிலிருந்து எதையும் தொடவில்லை. எந்த ஊசி பாக்கி என்று பார்க்கப் புத்தகத்தைப் பிரித்தேன். நடுவில் மடித்த காகிதம். மகன் கையெழுத்து. நாய் காப்பகத்துக்கு எழுதியது. எழுத்துக் கூட்டிப் படிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

'வயதாகிவிட்டது. கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறது. பார்த்துக்கொள்ள எங்களுக்கு நேரமில்லை. தயவுசெய்து எடுத்துக்கொள்ளவும்.'

கீழே சிவப்பு மையில் காப்பகத்தார்: 'இடம் இல்லை.' தேதி, என்னிடம் விட்டதற்கு முந்தின நாள்.

அப்பனுக்குத்தான் படிக்கத் தெரியாதே, புத்தகத்துக்குள்ள எது கிடந்தா என்ன — அப்படித்தானே? தூ! துணையாம் துணை. கழிச்சதக் கொட்ட என் வீடுதான் கிடைச்சுதா? எனக்கும்தான் வயசாச்சு. நாளைக்கு என்னைப் பத்தி யாருக்கு எழுதுவான்?

நாய் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது. இன்னமும் நாறுகிறது.

மார்ச் 12, வியாழன்

ரொட்டியைப் பாலில் ஊறவைத்து விரலால் ஊட்டினேன். தின்றது. கையெல்லாம் எச்சில். சீ சீ.

மார்ச் 15, ஞாயிறு

மகனை வரச் சொல்லியிருந்தேன். வந்ததும் மூக்கைச் சுளித்தான். "தொல்லையா இருந்தா சொல்லுங்கப்பா, வேற எங்கயாவது விட்டுடறேன்."

அவனுடைய காகிதத்தை நீட்டினேன். பின்பக்கம் நான் எழுதியது, மூன்று நாள் வேலை: 'இங்கே இடம் இருக்கிறது. ஆனால் இதைக் குளிப்பாட்ட ஒரு ஆள் போதாது. ஞாயிறு தோறும் வா.'

"யாருப்பா எழுதிக் குடுத்தது?"

"உங்கப்பன்."

காகிதத்தைத் திருப்பினான். முகம் செத்துப்போயிற்று. "அப்பா, நான் வந்து…" என்று ஆரம்பித்தான்.

"முதல்ல வாளியை எடு" என்றேன்.

இரண்டு பேருமாகத் தேய்த்தோம். கறுப்பாகத் தண்ணீர் ஓடியது. சனியன் ஒரு உதறு உதறியது. அவனுடைய வெள்ளைச் சட்டை முழுக்க முடியும் அழுக்கும். "சீ…" என்று ஆரம்பித்தவன் என்னைப் பார்த்ததும் பாதியில் விழுங்கினான்.

அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வந்தானா, வரவில்லையா — எதுவானாலும் அன்றைக்கே இந்த நோட்டில் எழுதிவிடுவேன்.