உங்கள் மகளோடு ஊர் சுற்றி வந்தோம், அக்கா

பெயர் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிடாத, இப்போதும் கூப்பிட வாய் வராத என் பிரியமான அக்காவுக்கு,

நாங்கள் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டோம். உங்கள் மகள் யாழினி நன்றாக இருக்கிறாள். கொஞ்சம் கறுத்திருக்கிறாள். விழுந்த முன்பற்கள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், மற்றதெல்லாம் பிறகு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு நம் உறவைச் சொல்ல வேண்டும். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு மருமகள்கள். நீங்கள் மூத்தவர், நான் இளையவள். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் வீடு. கீழே உங்கள் அடுப்பு, மாடியில் என் அடுப்பு. நமக்குள் சண்டை வந்ததில்லை, நெருக்கமும் வந்ததில்லை. சிலிண்டர் வந்ததா, மோட்டாரைப் போடவா, பால்காரர் வந்தாரா. இதற்கு மேல் நாம் என்ன பேசினோம் அக்கா?

நீங்கள் கண்ணை மூடிய பிறகு யாழினி அழவில்லை. பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். யாராவது உங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். அத்தானும் அப்படித்தான் இருந்தார். அப்பாவும் மகளும் டிவியைப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள். என்ன ஓடுகிறது என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது.

அந்த நேரத்தில்தான் உங்கள் கொழுந்தனாருக்கு, எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். எங்கள் மகன் கவின் ஒன்றாம் வகுப்பில் சேர்வதற்குள் சில நாடுகளைப் பார்த்துவிட வேண்டும் என்று நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். பெட்டி கட்டிக்கொண்டிருந்த போது அத்தான் மாடிப்படியில் பாதி ஏறி நின்றார்.

"ஏம்மா, யாழினியையும் கூட்டிக்கிட்டுப் போறீங்களா? குறுவை நடவு வருது. நான் வயல்ல கெடந்தா புள்ளையப் பாத்துக்க ஆளில்ல."

அவர் என்னிடம் நேராக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சரி என்றேன். உங்கள் அண்ணன் பேராவூரணியிலிருந்து ஃபோன் போட்டுச் சத்தம் போட்டார். "தாயில்லாப் புள்ளைய தேசம் தேசமா இழுத்துக்கிட்டு அலையப் போறீங்களா? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" நியாயமான கேள்விதான். ஆனாலும் அவளுடைய பாடப் புத்தகங்களையும் பெட்டியில் வைத்துக்கொண்டு திருச்சியில் விமானம் ஏறினோம்.

சின்னப் பிள்ளைகளோடு உலகம் சுற்றுவது ஃபோட்டோவில் தெரிவது போல இருக்காது அக்கா. எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் தேடுவது கழிப்பறை, அடுத்தது தயிர். ஒருவனுக்குக் காய்ச்சல் வரும், ஒருத்திக்குச் செருப்பு அறுந்துபோகும். பெரிய கோட்டை என்று கூட்டிப்போனால் இரண்டும் வாசலிலேயே புறாவை விரட்டிக்கொண்டிருக்கும். உங்கள் கொழுந்தனார் கம்ப்யூட்டரோடு அறையில் இருப்பார். பூங்கா பூங்காவாக அலைந்தது நான்தான்.

வியட்நாமில் மீகாங் ஆற்றுப் பக்கம் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கினால் வாய்க்காலும் வரப்பும் தென்னையுமாக நம் பக்கம் போலவே இருந்தது. யாழினி வீடியோ கால் போட்டு அத்தானுக்கு வயலைக் காட்டினாள்.

"நடவா, தெளிப்பா?" என்றார் அத்தான்.

"தெரியலப்பா. எறங்கிப் பாக்கவா?"

"சேத்துல எறங்காத. வரப்புல நின்னு வரிசை தெரியுதான்னு பாரு."

"வரிசையே இல்லப்பா."

"அப்ப தெளிப்புதான். நம்மூர்லயும் இப்ப நெறைய பேரு அப்படித்தான் பண்றாங்க."

நீங்கள் போன பிறகு அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான்.

போகிற இடமெல்லாம் என்னைத்தான் அவளுடைய அம்மா என்று நினைத்தார்கள். ஒரு விடுதியில் "உங்கள் மகளா?" என்று கேட்டபோது தலையாட்டிவிட்டேன். அறைக்கு வந்ததும் யாழினி பிடித்துக்கொண்டாள்.

"ஏன் பொய் சொன்னீங்க? சித்தின்னு சொல்லுங்க."

"சித்தின்னா அவங்களுக்குப் புரியாதுடா."

"புரியாட்டிப் பரவால்ல."

பிறகு, ஜார்ஜியாவுக்குப் போகிற வழியில் ஒரு விமான நிலையத்தில் எங்களை நிறுத்தினார்கள். யாழினியின் பாஸ்போர்ட்டில் தாயின் பெயர் என்று உங்கள் பெயர் இருக்கிறது. என் பாஸ்போர்ட்டில் வேறு பெயர். அத்தான் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் கடிதத்தைக் காட்டினோம். அந்தப் பெண் அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, அப்பாவோடு பேச வேண்டும் என்றார். அத்தான் எடுக்கவில்லை. நடவு ஆட்களோடு வயலில் நின்றிருப்பார், ஃபோன் கரையில் சட்டைப் பையில் கிடந்திருக்கும்.

அந்த அதிகாரி மேல் எனக்குக் குறை இல்லை. பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு போகிறவர்களும் இருக்கிற உலகம்தானே, கேட்க வேண்டியதைக் கேட்டார். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு யாழினியை நாற்காலியில் உட்கார வைத்தார். தன் ஃபோனில் மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்து தமிழைத் தேடி எடுத்தார். "உன் அம்மா எங்கே?" என்று ஃபோன் கேட்டது.

எழுந்து ஓடிவிடுவாள், இல்லாவிட்டால் வாயையே திறக்க மாட்டாள், எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். யாழினி ஃபோனைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க அம்மா செத்துப்போயிட்டாங்க. அது என் சித்தி. பக்கத்துல நிக்கிறது சித்தப்பா. அழுவுறான்ல, அவன் தம்பி. எங்க அப்பா வயல்ல இருக்காங்க, அதான் ஃபோன் எடுக்கல."

ஃபோன் அதை அவர்கள் மொழியில் திருப்பிச் சொன்னது. அதில் உங்களைச் சொன்ன வார்த்தை எது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் அத்தானே கூப்பிட்டார். பேசினார்கள், முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள்.

"பசிக்குது சித்தி" என்றாள். ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். பாதி தின்றவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டேன். நான் அழவில்லை. அழுதால் அவள் நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு அவள் எல்லோரிடமும் அதைச் சொன்னாள். ரொட்டிக் கடைக்காரம்மாவிடம், பூங்காக் காவலாளியிடம், துருக்கியில் படகு டிக்கெட் கிழிப்பவரிடம். "மை மதர் டெட்." ரொட்டிக் கடைக்காரம்மா அவளைக் கட்டிப்பிடித்து, சீஸ் வைத்த ரொட்டி ஒன்றைச் சும்மா கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டுக் கவினும் "மை மதர் டெட்" என்றான். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். சிரித்தால் உங்களுக்கு மரியாதையாக இருக்குமா என்று யோசிப்பதற்குள் யாழினி சிரித்துவிட்டாள்.

உங்களைப் பற்றிப் பேசவும் ஆரம்பித்தாள். ஒருநாள் நான் அறையில் புளிக்குழம்பு வைத்தேன். "நீங்க மாடில கொழம்பு வெச்சா அம்மா ஒரு கரண்டி எடுத்துட்டு வரும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லும்" என்றாள். குழம்பு குறைவதற்கு நான் இத்தனை வருஷம் உங்கள் கொழுந்தனாரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் ஒரு கிண்ணம் கொடுத்திருக்க மாட்டேனா அக்கா? நீங்கள் கேட்கும்படி நான்தான் இருந்தேனா?

குறுவை அறுப்பு முடிந்து சம்பா பச்சையாக நின்றபோது ஊர் வந்தோம். பொங்கல் கழிந்து இன்னொரு சுற்றுக் கிளம்புகிறோம். யாழினியும் வருவாள் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். அவள் இனி என் பிள்ளை என்றுகூட நினைத்திருந்தேன், உங்களிடம் மறைக்கவில்லை. போன வாரம் அத்தானே கேட்டார்.

"உன்கிட்ட இருந்தா புள்ள சிரிக்குதும்மா. இனிமே உங்களோடயே இருக்கட்டும்."

நான் வாயெடுப்பதற்குள் யாழினி, "நான் போவல" என்றாள்.

"ஏண்டா?" என்றேன்.

"தம்பி போவட்டும். எனக்குச் சுத்துனது போதும். எல்லாரும் போயிட்டா அப்பாகிட்ட யாரு பேசுறது?"

அத்தான் மோட்டார் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். நெடுநேரம் வரவில்லை. மோட்டார் சத்தமும் கேட்கவில்லை.

"நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க சித்தி. ஃபோன்ல எல்லாத்தையும் காட்டுங்க" என்றாள். எனக்கு வலித்தது. அவள் சொன்னது சரி என்பதும் தெரிந்தது. இப்போது சாப்பாட்டு நேரத்தில் கீழே பேச்சுக் குரல் கேட்கிறது. மாடியில் எனக்கு வார்த்தைகள் புரிவதில்லை. நடுநடுவே உங்கள் பெயர் மட்டும் காதில் விழும்.

அவளை நான் வற்புறுத்த மாட்டேன். வருகிறேன் என்றால் கூட்டிப்போவேன், இல்லை என்றால் விட்டுவிடுவேன். ஆனால் அவள் பெரியவளாகும் நாள் ஒன்று வரும். அன்று அத்தான் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருப்பார். நான் எந்த நாட்டில் இருந்தாலும் கிளம்பி வந்துவிடுவேன் அக்கா. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்வேன், வயிறு வலித்தால் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன், தலைக்குத் தண்ணீர் ஊற்றுவேன். அவள் உங்களைத்தான் தேடுவாள். தேடட்டும். நான் பக்கத்தில் இருப்பேன்.

அந்த வீட்டுக்கு உங்களுக்குப் பின்னால் வந்தவள்,
உங்கள் ஓரகத்தி