மருத்துவச்சியின் கூரையிலிருந்து கழற்றிய கதிர்த்தகடுகள்

பகலெல்லாம் வெயிலுண்டு இரவில் விளக்கெரிக்கும் கதிர்த்தகடுகள் கூரைதோறும் மின்னும் வெண்கதிர் நாட்டின் வேந்தர், இருபுனல் காவலர், பொலந்தார்க் கோமானின் திருவாணைப்படி, ஓலைநாயகம் நக்கண்ணன், மருதத்துறைத் தலைவர் எயினனார்க்கு விடுத்தது. உம் ஊரில் மழை தவறாது பெய்க. உம் மக்கள் நலமே வாழ்க. உம்மை வாழ்த்த மட்டும் எம் எழுத்தாணி இன்று இசையவில்லை.

உம் ஊர் மருத்துவச்சி நக்கை, வைகறைதோறும் கூரையேறித் தன் வீட்டுக் கதிர்த்தகடுகளை ஈரத்துணியால் துடைத்த பின்னரே கருவுற்ற மகளிரைக் காணச் செல்லும் வழக்கமுடையவர். அத்தகடுகளை விலைக்குக் கொள்வதா, குத்தகைக்குக் கொள்வதா என அவர் உம்மை வினவியபோது, குத்தகையே நலமென்றும், பழுதெல்லாம் கொடுத்தவன் பொறுப்பென்றும் கூறினீராம். கொடுப்பவன் உம் மைத்துனன் தாயன் என்பதையும், கொடுத்தவனையன்றிப் பிறர் கை, குத்தகையாளர் கையேயாயினும், தகட்டில் பட்டால் குத்தகை முறியும் என்னும் விதியையும் சொல்லாமல் விழுங்கினீர். சென்ற திங்களில் தாயன் ஆள்களோடு வந்து, வெயில் தன் வீட்டுப் பிள்ளையென்றும், அதைக் குளிப்பாட்ட அவர் யாரென்றும் நகைத்து, தகடுகளைக் கழற்றிச் சென்றான். அன்றிரவே பேறுகால வலியோடு ஒருத்தி வந்தாள். இருளில் கையால் தடவியே அக்குழவியை வெளிக்கொணர்ந்தார் நக்கை. தாயும் சேயும் பிழைத்தது உம் நற்பேறு. இல்லையேல் ஓலைக்கு மாற்றாகப் படை வந்திருக்கும்.

யாம் பள்ளியாசிரியராயிருந்த நாளில் உமக்கொரு கதை சொன்னோம். குளத்து நிலவைத் தவளைகளுக்குக் குத்தகைக்கு விட்ட நரி, ஒரு தவளை குதித்து அலையெழுந்ததும், நிலவைக் கசக்கிவிட்டாய் என்று குளத்தையே பறித்துக்கொண்டது. அன்று தவளைக்காக விம்மி அழுதவர் நீரே. அழுத அக்கண்களோடு நரியின் பக்கம் எங்ஙனம் போய் நின்றீர்?

ஆதலின் ஆணை இது. விலைக்குக் கொள்ள விழைவோர்க்கு அரண்மனைப் பண்டாரம் பொன் தந்து கைகொடுக்கும். குத்தகை வேண்டுவோர்க்கு அதன் விதிகள் யாவும் ஊர்மன்றில் உரக்கப் படிக்கப்படும். தாயன் இனித் தகடுகளைத் தொடவும் கூடாது. நீரோ, உம் மாளிகைத் தகடுகளை உம் கையாலேயே கழற்றிச் சுமந்து சென்று, நக்கையின் கூரையில் அவருக்கே உரிமையாகப் பதிப்பீராக. அவர் பேறு பார்க்கும் அறையில் விளக்கெரியக் கண்ட பின்னரே எம் தூதர் மீள்வார். அரசமுத்திரை இட்டோம், சினம் இன்னும் ஆறவில்லை.

ஓலைப் புறத்தே எயினன் பொறித்து மீள விடுத்தது: ஆணைவழி யானே சுமந்து சென்று பதித்தேன், விளக்கு எரிகின்றது. பொறுத்தருள வேண்டுகின்றேன். ஏணியைப் பிடித்து நின்ற மருத்துவச்சியார், இனி என் மாளிகைக்கு விலைக்கா, குத்தகைக்கா என்று வினவினார். விலைக்கே என்றேன், அன்று அவருக்கும் அதையே சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.