முனிகிருஷ்ணனிடம் இருந்த சாவி

6-6-1988, திங்கள், சித்தூர்

கம்ப்யூட்டர் இன்றைக்கும் நகரவில்லை. விவரம் பதிந்த பிளாப்பித் தட்டைப் போட்டால் கரகரவென்று அரைக்கிறது. கடைசியில் படிக்க முடியவில்லை என்கிறது. ஆஸ்பத்திரியின் காசநோயாளிகள் பெயர், மருந்து விவரம் எல்லாம் அந்தப் பிளாப்பிகளில்தான். மாதக் கடைசிக்குள் சரியாக ஓடாவிட்டால் பழையபடி லெட்ஜர், எனக்கு வேலை இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

லெட்ஜர் என்றால் முனிகிருஷ்ணன் அண்ணன். இருபது வருஷம் எழுதியவர்; கம்ப்யூட்டர் வந்த பிறகு தபால் வேலை மட்டும். நான் போனால் யாருக்கு லாபம்?

8-6

கம்ப்யூட்டர் அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று முனிகிருஷ்ணன் அண்ணனிடம். குடையை மறந்து ஐந்தரைக்குத் திரும்பினேன். மனிதர் என் நாற்காலியில்! திரையில் என் நோயாளிகளின் பெயர்கள். என்னைக் கண்டதும் எதையோ மேஜைக்குள் தள்ளினார்.

"இன்னாண்ணா, வீட்டுக்குப் போகலியா?"

"போய்க்கினே இருக்கேம்மா."

எங்கே போனார்? உட்கார்ந்தல்லவா இருந்தார்!

10-6

இன்னும் இரண்டு பிளாப்பி போச்சு. நான் என்ன கண்ட இடத்திலா வைக்கிறேன்? அறையிலேயே இருக்கிற, வெள்ளிக்கிழமை வார்டு ஜெபத்தில் பாடுகிற ஸ்பீக்கர் பெட்டியின் மேல், துணி விரித்து, தூசி படாமல். பின்னே எப்படிக் கெடும்?

இனி மேலேயும் கிடையாது. பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, மிச்சம் எல்லாவற்றையும், நகல்கள் உட்பட, உள்ளே செருகிவிட்டேன். ஜெபப் பெட்டிக்குள் கை விடட்டும் பார்க்கலாம்.

13-6

நாசம். ஒன்றுகூடத் திறக்கவில்லை. பதினோரு பிளாப்பி! ஒளித்த இடத்தையும் மோப்பம் பிடித்துவிட்டாரே, பாவி மனுசன். அழுதுகொண்டே டாக்டரம்மாவிடம் அவர் பெயரைச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன்.

14-6

சாவியை வாங்கிக்கொண்டு அவரைப் புத்தூர் கிளினிக்குக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது என்னைப் பார்க்கவே இல்லை. பார்க்காட்டிப் போகட்டும்.

16-6

திருப்பதியிலிருந்து மெக்கானிக் சிவசங்கரன் வந்தார். புதுப் பிளாப்பி போட்டார், உடனே படித்தது.

"மெஷின்ல ஒண்ணுமில்ல. பிளாப்பிய எங்க வெக்கிறீங்க?"

காட்டினேன். ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டிக்குள் நீட்டினார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"ஸ்பீக்கருக்குள்ள இம்மாம்பெரிய காந்தம் இருக்குதும்மா. பிளாப்பியில இருக்கிறதெல்லாம் அழிச்சிடும். யாரு வெச்சது?"

நான். மேலே வைத்ததும் நான், உள்ளே செருகினதும் நான். ஐயோ.

17-6

வார்டு ஜெபத்தில் பாட வாய் வரவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொன்னேன்.

18-6

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "நீயே போய் இட்டுக்கினு வா தபீதா" என்றார்.

புத்தூர் பஸ். கிளினிக் வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் உள்ளே போய் ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்தார். அன்று மேஜைக்குள் தள்ளியது. தினமும் ஐந்து மணிக்கு மேல் திரையைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஜூன் ஒன்பது வரை ஒரு பெயர் விடவில்லை.

"நீ தப்பா நெனைப்பேன்னுதாம்மா மறைச்சேன். எனக்கு அந்த மெஷின் மேல சந்தேகம். உனக்கு எம்மேல."

சிரிக்கவில்லை அவர்.

20-6

அண்ணன் சித்தூருக்கே திரும்பிவிட்டார். அவர் நோட்டைப் படிக்கிறார், நான் தட்டுகிறேன். பாதி முடிந்தது. வேலை நிலைக்கும் போலிருக்கிறது.

ஐந்து மணிக்கு, டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கிய அவருடைய சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.

"வேணாம்மா. நீயே பூட்டிக்கினு போ."