மச்சான் அனுப்பிய மூட்டை

மார்ச் 3, செவ்வாய்

ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும். மச்சானுக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறேன். அடியில் என் முழுப்பெயரும் இரண்டு பட்டங்களும் இருக்கும்.

காரணம் இன்று காலை காரிலிருந்து இறங்கியது. பழுப்பு நிறம், கன்றுக்குட்டி அளவு, பெயர் மூட்டை. மனைவியின் அண்ணனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். அங்கே கொடுத்திருக்கும் குடியிருப்பில் நாய் வளர்க்கக் கூடாதாம். தனி ஆள், நாயை எங்கே விடுவார்? தங்கை வீட்டில். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனையும் இரண்டு பிள்ளைகளும் ஒரு நானும் இருப்பது அவர் நினைவுக்கு வரவில்லை போலும்.

இதே நாய்தான். இது குட்டியாக இருந்தபோது, மாமனார் வீட்டில் இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் மச்சான் சொன்னார்: "மாப்பிள்ளை ஆராய்ச்சிய முடிக்கிறதுக்குள்ள என் நாயே பட்டம் வாங்கிடும்." எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும். அன்றோடு பேச்சு நின்றது.

ஒரு மாதம் கெடு வைத்திருக்கிறேன். துரைக்கு ஒத்துவராவிட்டால் நாய் காப்பகத்துக்குப் போகும். துரை எங்கள் பூனை. சரியாகச் சொன்னால், என் பூனை.

"முடிவு உங்களோடதுதான்," என்றாள் மனைவி. "எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை அதோட மூஞ்சியப் பாத்துடுங்க."

பார்க்க மாட்டேன்.

மார்ச் 4

துரை ஃபிரிட்ஜ் மேல் ஏறியது. இறங்கவே இல்லை. என் ஆள்!

மார்ச் 5

கால்நடை டாக்டரம்மா வந்துபோனாராம். நான் நூலகத்தில் இருந்தேன் (என் ஜன்னலோர மேசையை எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவனுக்குக் கொடுத்துவிட்டார்கள், அது தனிக் கதை). வந்ததும் பெரியவள் ஒப்பித்தாள். இரண்டு வாரம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. நாய்க்குப் பின்னறை, நடுவே கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் பூனைக்குச் சோறு, அந்தப் பக்கம் நாய்க்கு. பூனை படுத்த துணியை நாய்க்கும், நாய் படுத்த துணியைப் பூனைக்கும் மாற்றிப் போட வேண்டும். முகம் பழகுவதற்கு முன்னால் வாசனை பழக வேண்டுமாம்.

பெரியவளுக்குப் பதினொரு வயது. சுவரில் அட்டவணை ஒட்டிவிட்டாள். துணி இலாகா ஆறு வயதுச் சின்னவனிடம். உருப்பட்ட மாதிரிதான்.

மார்ச் 8, ஞாயிறு

கடிதம் நாலு பக்கம் வந்துவிட்டது. நடை பிரமாதம்.

மார்ச் 11

மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது, யாரென்று பார்க்காமல் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் மச்சான்.

"மாப்பிள்ளை... அது சாப்பிடுதா?"

"ம்" என்று சொல்லிவிட்டு போனைச் சின்னவனிடம் கொடுத்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் சொல் "ம்". அதைக்கூட யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

உண்மையில் அது சரியாகச் சாப்பிடவில்லை. வாசல் பக்கம் கார் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குகிறது. பிறகு போட்டுவிடுகிறது. நான் பார்க்கவில்லை. கண்ணில் பட்டது.

மார்ச் 14

நூலகத்திலிருந்து வந்தால் பின்னறைக் கதவுக்கு அடியில் ஒரு மூக்கு. மற்றவர்கள் வந்தால் மூக்கு இல்லையாம். பெரியவள் இதை அட்டவணையில் தனிக் கட்டம் போட்டுக் குறித்திருக்கிறாள். சந்தேகமாக இருக்கிறது. நாய்களுக்கும் ஆள் தெரிந்து நக்கலடிக்க வருமா?

மார்ச் 15, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சின்னவன் கதவுத் தாழ்ப்பாளைப் போட மறந்தான். மூட்டை நேராகச் சமையலறைக்குப் போயிற்று. துரை ஃபிரிட்ஜிலிருந்து குதித்தது. கூடவே மாவு டப்பாவும் குதித்தது. ஒரே கீறல், மூக்கின் மேல். அவ்வளவு பெரிய உடம்பு, ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. கூடத்தில் மனைவி கையை விரித்துக்கொண்டு நின்றாள். பெரியவள் பிஸ்கட் காட்டினாள். இரண்டு பேரையும் தாண்டி வந்து என் மேசைக்கு அடியில் நுழைந்து, என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மாவு பூசிய முகம். நடுங்கியது.

இந்த வீட்டில் பயந்துபோய் என்னிடம் யாரும் ஓடிவந்ததில்லை. என்னைப் பார்த்துத்தான் ஓடுவார்கள்.

டாக்டரம்மாவுக்கு நானே போன் செய்தேன். பூனை படுத்த துணி என்று எதைக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். சின்னவனைக் கேட்டேன். கையைப் பிசைந்தான்.

"துரை எப்பவும் உங்க ஸ்வெட்டர்லதானேப்பா தூங்கும்..."

என் சாம்பல் நிற ஸ்வெட்டர்! பதினாலு வருடம் போட்டது. கிழிந்துவிட்டதென்று மனைவி எறிந்திருப்பாள் என நினைத்து அவள் மேல் ஒரு வாரமாகக் கோபமாக இருந்தேன். அது பத்து நாளாக நாயின் தலைமாட்டில் கிடந்திருக்கிறது.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்ப அது பூனையோட பழகலை சார். உங்களோட பழகியிருக்கு."

மூஞ்சியைப் பார்த்துவிட்டேன். மாவைத் துடைக்கும்போது வேறு எங்கே பார்ப்பது?

மார்ச் 19

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை மூட்டை தின்றுவிட்டது. என் வலுவான வாதங்களெல்லாம் அதில்தான் இருந்தன. மீதியைப் படித்தால் ஆள் கொஞ்சம் சிடுமூஞ்சியாகத் தெரிகிறான்.

மார்ச் 28

துரையைக் காணவில்லை. ஃபிரிட்ஜ் மேல் இல்லை, அலமாரியில் இல்லை, மாடியில் இல்லை. இதற்குத்தான், இதற்குத்தான் வேண்டாமென்று சொன்னேன்—

பின்னறையில் இருந்தது. மூட்டையிடமிருந்து முழங்கை தூரத்தில், ஒரு கட்டம் போட்ட சட்டையின் மேல் சுருண்டு தூங்கியது. மச்சானின் சட்டை. நாயோடு கூடவே வந்தது. பூனைப் பக்கம் மாற்றிப் போட்டிருந்த துணி. அதைத் துரையே வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

என் ஸ்வெட்டரில் அவர் நாய். அவர் சட்டையில் என் பூனை. எங்களைக் கேட்காமலே சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள்.

சட்டையின் காலர் தேய்ந்திருந்தது. நானும் அவரும் ஒரே மாதிரி ஆட்கள்தான் போல. எதையும் சீக்கிரத்தில் எறிய மாட்டோம்.

ஏப்ரல் 3, வெள்ளி

கெடு முடிந்தது. காலையிலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியவள் அட்டவணையின் கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனாள். சின்னவன் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு என் பக்கமே திரும்பவில்லை. மனைவி வெங்காயம் நறுக்கினாள். தேவைக்கு மேல் நறுக்கினாள்.

பேனாவை எடுத்துக் கட்டத்தில் "இருக்கும்" என்று எழுதினேன். அவளிடம் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் சமையலறையில் வெங்காயச் சத்தம் நின்றது.

பிறகு நூலகத்து அட்டை ஒன்றில் மச்சானுக்கு எழுதினேன். நாலு பக்கம் இல்லை, நாலு வரி:

"மூட்டை நன்றாகச் சாப்பிடுகிறது. பூனை உங்கள் சட்டையில் தூங்குகிறது, இன்னொன்று அனுப்பவும். நாய் இன்னும் பட்டம் வாங்கவில்லை, நானும்தான். லீவு கிடைத்தால் வந்து பாருங்கள்."

பெயர் போட நினைத்தேன். என்னவென்று போடுவது? "அன்புள்ள" என்று எழுதினால் அவரே நம்ப மாட்டார். என் கையெழுத்துக் கோணலை அவர் ஆயிரம் பேர் நடுவில் கண்டுபிடிப்பார். அதையும் ஒரு தடவை கிண்டல் செய்திருக்கிறார்.

பெயர் இல்லாமலே போகட்டும். தபால் பெட்டி தெருமுனையில். மூட்டை ஏற்கெனவே வாசலில் நிற்கிறது.